எழுபது வளைவுகளும் ஒரு கிளட்சும்

கொல்லிமலைச் சாலை காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கிச் சோளக்காட்டை அடைவதற்குள் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்கிறது. சமவெளி நெடுஞ்சாலையில் ஓடும் காரின் கிளட்ச் நெடுநேரம் வேலையின்றி இருக்கும். இந்தச் சாலையிலோ வளைவுக்கு முன் கியரைக் குறைக்க ஒரு முறை, வளைவு முடிந்ததும் கூட்ட ஒரு முறை என்று மிகக் குறைவாகக் கணக்கிட்டாலும், மேலே போய்ச் சேர்வதற்குள் ஓட்டுநரின் இடது கால் 140 முறை பெடலை மிதித்தாக வேண்டும். எதிரே பேருந்து இறங்கி வந்து, அதற்கு வழிவிட்டு ஏற்றத்தில் நின்று மறுபடி புறப்பட நேர்ந்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். இன்றைய கார்களுக்கு இது ஒரு பொருட்டல்ல. 1948இல் அறிமுகமான மாரிஸ் மைனருக்கோ வில்லிஸ் வழிவந்த பழைய ஜீப்புக்கோ இந்த ஏற்றம் கடுமையான சோதனை. அதில் எஞ்சினின் வலிமை மட்டுமன்றி, பெடலையும் கிளட்சையும் இணைக்கும் சில இரும்புத் தண்டுகளின் வலிமையும் சோதிக்கப்படுகிறது. அந்தத் தண்டுகளை அகற்றிவிட்டு அவற்றின் வேலையைத் திரவத்திடம் ஒப்படைப்பது பழைய கார்களில் பரவலாகச் செய்யப்படும் மாற்றங்களுள் ஒன்று. அதனால் உண்மையில் கிடைப்பது என்ன, கிடைப்பதாகத் தவறாக நம்பப்படுவது என்ன என்பதே இந்த அத்தியாயத்தின் பொருள்.

எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்சுக்குக் கொண்டு செல்வது இரண்டு உலோகப் பரப்புகளுக்கிடையே நெரிபட்டு நிற்கும் கிளட்ச் தட்டு. ஒரு பக்கம் எஞ்சினோடு சுழலும் கனமான ஃபிளைவீல். மறு பக்கம் சுருள்வில்களால் அழுத்தப்படும் பிரஷர் பிளேட். பெடலை மிதித்தால் ஃபோர்க் எனப்படும் கவைக்கோல் ரிலீஸ் பேரிங்கை முன்னே தள்ளுகிறது. பேரிங் பிரஷர் பிளேட்டின் விரல்களை அழுத்துகிறது. வில்கள் பின்வாங்க, நெரிபட்டிருந்த தட்டு விடுபட்டுத் தனியே சுழல்கிறது. இதற்குப் பேரிங் நகர வேண்டிய தூரம் சில மில்லிமீட்டர்கள்தான். ஆனால் வில்களின் எதிர்ப்பு மிகப் பெரியது. ஆகவே காலின் நீண்ட, இலேசான அசைவைப் பேரிங்கின் குறுகிய, வலிய அசைவாக மாற்றித் தருவதே இடையிலுள்ள அமைப்பின் கடமை. கடப்பாரையால் பாறையைப் புரட்டுபவர் கையாளும் நெம்புகோல் தத்துவமே இங்கும் செயல்படுகிறது.

மாரிஸ் மைனரில் இந்த அமைப்பு முழுவதும் தண்டுகளாலும் நெம்புகோல்களாலும் ஆனது. பெடலின் சுழல்மையம் தரைக்குக் கீழே இருக்கிறது. அங்கிருந்து ஒரு தண்டு, வண்டியின் அடிச்சட்டத்துக்கும் கியர்பாக்சுக்கும் இடையே குறுக்காகக் கிடக்கும் ரிலே ஷாஃப்ட்டை உருட்டுகிறது. அந்த ஷாஃப்ட்டின் மற்றொரு கரம் இன்னொரு தண்டின் வழியே ஃபோர்க்கை இழுக்கிறது. இதே காரின் பிரேக் தொடக்கத்திலிருந்தே திரவ பிரேக்காக இருந்தது என்பது கவனத்துக்குரியது. நான்கு சக்கரங்களுக்கும் ஒரே அழுத்தத்தைப் பகிர்ந்து தருவது தண்டுகளுக்கும் கம்பிகளுக்கும் மிகக் கடினம், திரவத்துக்கு அது இயல்பு. கிளட்சிலோ பகிர்ந்தளிக்க எதுவும் இல்லை, சேர வேண்டிய இடம் ஒன்றே ஒன்று. எனவே மலிவான, எவரும் பழுதுபார்க்கக்கூடிய தண்டுகள் போதும் என்று அக்கால வடிவமைப்பாளர்கள் முடிவு செய்ததில் குறை காண இடமில்லை. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் தொடக்கத்தில் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் இந்தியாவில் விற்றதும், இலங்கைச் சாலைகளில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதும் இந்தக் குடும்பத்துக் கார்களே.

தண்டுகளின் முதல் பலவீனம் தேய்மானம். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு சிறிய இரும்பு ஊசி இருக்கிறது. பல ஆண்டுகள் ஓடிய காரிலிருந்து அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்து பிறை வடிவில் இளைத்திருப்பதும், அது நுழைந்திருந்த துளை வட்டம் குலைந்து முட்டை வடிவாக நீண்டிருப்பதும் தெரியும். இந்த இழப்பு மிகச் சிறியதாகத் தோன்றினாலும் நெம்புகோல் அதைப் பெருக்கிக் காட்டுகிறது. பெடல் 130 மி.மீ. நகரும்போது ஃபோர்க்கின் வெளிமுனை ஏறத்தாழ 17 மி.மீ. நகர்வதாகக் கொண்டால், அந்த முனையில் ஏற்படும் அரை மில்லிமீட்டர் தேய்மானம் பெடலில் ஏறக்குறைய 4 மி.மீ. வீண் அசைவாக மாறுகிறது. ஐந்தாறு மூட்டுகளின் இழப்பும் ஒன்றுசேர்ந்தால், பெடல் தரையைத் தொட்ட பின்னும் தட்டு முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே இருக்கும். மைனரின் முதல் கியருக்கு, சுழலும் பற்சக்கரங்களின் வேகத்தைச் சமன்செய்து இணைக்கும் சின்க்ரோமெஷ் கிடையாது. எனவே செங்குத்தான வளைவில் வேகம் இழந்து முதல் கியருக்கு இறங்க முயலும் ஓட்டுநருக்குக் கரகரவென்ற பல்லுரசலே பதிலாகக் கிடைக்கும்.

இரண்டாவது பலவீனம் அவ்வளவு எளிதாகக் கண்ணில் படாதது, ஆனால் அறிவியல் நோக்கில் அதுவே முக்கியமானது. ரிலே ஷாஃப்ட்டின் ஒரு முனை அடிச்சட்டத்தில், மறுமுனை கியர்பாக்சில் ஊன்றியிருக்கிறது. இவ்விரண்டும் ஒரே உடல் அல்ல. அதிர்வு உள்ளே வராதபடி எஞ்சினும் கியர்பாக்சும் ரப்பர் மவுண்டுகள் மீது அமர்த்தப்பட்டுள்ளன. ஏற்றத்தில் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் கணத்தில், சக்கரங்களைத் திருப்பும் முறுக்குவிசைக்கு எதிர்விசையாக எஞ்சின் தன் மவுண்டுகள் மீது சற்றே உருள்கிறது. கால் அசையாமல் இருந்தாலும், ஒரு முனை நகர்ந்ததால் இணைப்பின் வடிவம் மாறி, ஃபோர்க் தானாகவே சிறிது இழுபடுகிறது அல்லது தளர்கிறது. தளர்ந்தால் கிளட்ச் மேலும் இறுகுகிறது, எஞ்சின் மேலும் உருள்கிறது. மவுண்டின் ரப்பர் அதைத் திருப்பித் தள்ளும்போது எல்லாம் எதிர்த்திசையில் நடக்கிறது. விளைவே காரணத்தை ஊட்டி வளர்க்கும் இத்தகைய சுழற்சியைப் பொறியியலார் பின்னூட்டம் என்பர். ஓட்டுநர் அதை வண்டி முழுவதும் தடதடவென்று குலுங்குவதாக உணர்கிறார். கிளட்ச் தட்டில் எண்ணெய் பட்டுவிட்டது என்று கருதிப் புதுத் தட்டு மாட்டிய பின்னும் குலுக்கல் நிற்காத வண்டிகளில், இந்த வடிவியலையும் மவுண்டுகளையும் சோதித்துப் பார்ப்பது நல்லது. பழைய ஜீப்பிலும் கதை இதுவே: அதன் குறுக்குக் குழாயின் ஒரு முனை சட்டத்தில் பொருத்திய குமிழிலும், மறுமுனை கியர்பாக்ஸ் பக்கத்துக் குமிழிலும் தாங்கி நிற்பதால், கரடுமுரடான மலைத்தடத்தில் ஒரு சக்கரம் மேலும் ஒரு சக்கரம் கீழுமாகச் சட்டம் முறுக்கிக்கொள்ளும்போது அந்த முறுக்கமும் கிளட்சுக்குப் போய்ச் சேர்கிறது.

திரவம் இங்கேதான் தன் தனித்தன்மையைக் காட்டுகிறது. அடைத்து வைத்த திரவத்தின் ஓரிடத்தில் கொடுக்கும் அழுத்தம் எல்லாத் திசைகளிலும் குறையாமல் பரவும் என்று 17ஆம் நூற்றாண்டில் பிளேஸ் பாஸ்கல் நிறுவிய விதியே இதன் அடிப்படை. பெடல் மாஸ்டர் சிலிண்டரின் பிஸ்டனைத் தள்ளுகிறது. அங்கிருந்து வெளியேறும் திரவம் குழாய் வழியே ஸ்லேவ் சிலிண்டருக்குள் புகுந்து அதன் பிஸ்டனைத் தள்ளுகிறது. அது ஃபோர்க்கை அசைக்கிறது. தண்டு கடத்துவது இரு புள்ளிகளுக்கு இடையேயான தூரத்தை. திரவம் கடத்துவது கொள்ளளவை. இடையில் ஒரு வளையும் ரப்பர் குழாய் இருந்துவிட்டால், எஞ்சின் எப்படி உருண்டாலும் சட்டம் எப்படி முறுகினாலும் ஸ்லேவுக்குள் சென்ற திரவத்தின் அளவு மாறுவதில்லை. அளவு மாறாததால் ஃபோர்க்கும் அசைவதில்லை. மேலே விவரித்த பின்னூட்டச் சுழற்சி இப்படித்தான் அறுபடுகிறது. இந்த மாற்றத்தின் ஆகப் பெரிய பயன் இதுவே.

பலர் எதிர்பார்ப்பதோ பெடல் இலேசாகிவிடும் என்பதை. இதை எண்களைக் கொண்டு பார்ப்பது தெளிவு தரும். 5க்கு 1 என்ற விகிதமுள்ள பெடலை 120 நியூட்டன் விசையுடன், அதாவது ஏறத்தாழ 12 கிலோ எடைக்கு நிகராக, மிதித்தால் மாஸ்டர் பிஸ்டன் மீது 600 நியூட்டன் விழுகிறது. மாஸ்டரின் விட்டம் 19.05 மி.மீ. என்றால் அதன் பரப்பு 285 சதுர மி.மீ.; எனவே திரவத்தின் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 21 மடங்கு. ஸ்லேவின் விட்டம் 22.2 மி.மீ., பரப்பு சுமார் 388 சதுர மி.மீ. என்று கொண்டால் அதன் பிஸ்டன் 817 நியூட்டன் விசையுடன் தள்ளும். ஃபோர்க்கின் விகிதம் 2க்கு 1 ஆக இருக்க, பேரிங்கில் 1,600 நியூட்டனுக்கு மேல் கிடைக்கிறது. இனி அசைவைப் பார்க்கலாம்: பெடலின் 130 மி.மீ. பயணத்தில் மாஸ்டர் 26 மி.மீ. நகர்கிறது, திரவக் கிண்ணத்துக்குச் செல்லும் துளை மூடும்வரை 2 மி.மீ. வீணாக, மிஞ்சிய 24 மி.மீ. ஏறத்தாழ 6.8 மில்லி திரவத்தை வெளியேற்ற, ஸ்லேவ் 17.6 மி.மீ.யும் பேரிங் 8.8 மி.மீ.யும் நகர்கின்றன.

இப்போது பெடலை இலேசாக்க எண்ணி 15.87 மி.மீ. மாஸ்டரைப் பொருத்துவதாகக் கொள்ளலாம். மிதிக்க வேண்டிய விசை 120 நியூட்டனிலிருந்து 83 நியூட்டனாகக் குறைகிறது. கூடவே பேரிங்கின் அசைவும் 8.8 மி.மீ.யிலிருந்து 6.1 மி.மீ.யாகச் சுருங்கிவிடுகிறது. எட்டு மில்லிமீட்டர் நகர்ந்தால்தான் தட்டு விடுபடும் என்றால், கால் மகிழ்ந்தாலும் கியர் விழாது. விசையில் பெற்றதைத் தூரத்தில் கொடுத்தே தீர வேண்டும் என்ற ஆற்றல் கணக்கு தண்டுக்கும் திரவத்துக்கும் பொது. மாற்றத்துக்குப் பின் பெடல் உண்மையிலேயே இலேசானதாகத் தோன்றினால், பெரும்பாலும் அது துருப்பிடித்த மூட்டுகளில் வீணாகிக்கொண்டிருந்த உராய்வு நீங்கியதன் விளைவே. அந்த மூட்டுகளுக்குப் புதிய ஊசியும் புஷ்ஷும் போட்டிருந்தாலும் அதே இதம் கிடைத்திருக்கும். ஆகவே காரின் உரிமையாளர் முதலில் செய்ய வேண்டியது பழைய இணைப்பை ஒரு முறை முழுமையாகச் செப்பனிட்டுப் பார்ப்பதுதான். சிலிண்டர் வாங்குவது அதற்குப் பிறகு.

மாற்றுவது என்று முடிவானால், எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி ஸ்லேவ் சிலிண்டரை எதன் மீது பொருத்துவது என்பது. அது கியர்பாக்சின் முன்கூடான பெல் ஹவுசிங்கில், ஃபோர்க் ஊன்றியிருக்கும் அதே உடலில் பொருந்த வேண்டும். கைக்கு எட்டும் தூரத்தில் உறுதியான அடிச்சட்டம் இருக்கிறதே என்று ஸ்லேவின் தாங்கியை அதில் முடுக்கிவிட்டால், எஞ்சினின் உருளல் மீண்டும் பிஸ்டனுக்கும் ஃபோர்க்கிற்கும் இடையே நுழைந்துவிடும். செலவு முழுதும் செய்தும் பழைய குலுக்கல் அப்படியே இருக்கும். சென்னையை அடுத்த வண்டலூரில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் தயாரித்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இதற்கு நல்ல பாடம். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டை மூலமாகக் கொண்ட அந்தக் காரில் கிளட்ச் தொழிற்சாலையிலிருந்தே திரவ முறையில் வந்தது. மாஸ்டர் சிலிண்டர் ஓட்டுநருக்கு முன்னுள்ள தடுப்புத் தகட்டிலும், ஸ்லேவ் பெல் ஹவுசிங்கிலும் அமர்ந்திருந்தன. தனிச் சட்டத்தின் மேல் தனி உடல் பொருத்தப்பட்ட அந்தக் காரில் பெடல் ஓர் உறுப்பில், கியர்பாக்ஸ் வேறோர் உறுப்பில் இருப்பதைத் திரவம் இயல்பாகவே சமாளித்தது.

மாஸ்டரின் இருப்பிடமும் கவனம் கோருவதே. மெல்லிய தகட்டில் அதைப் பொருத்தினால் 600 நியூட்டன் விசையில் தகடு வளைந்து கொடுக்கும், 26 மி.மீ. பயணத்தில் 2 மி.மீ. தகட்டின் வளைவுக்கே போய்விட்டால் பேரிங்கின் அசைவு அந்த அளவுக்குக் குறையும். மிதிக்கும்போது மற்றொருவர் பானெட்டைத் திறந்து பார்த்தால் இந்த வளைவு கண்ணுக்கே தெரியும். உள்ளிருந்து ஒரு தடித்த இரும்புத் தகட்டை வைத்து விசையைப் பரவச் செய்வது வழக்கமான தீர்வு. மைனரைப் போலப் பெடல் தரைவழியே மேலெழும் கார்களில், சிலிண்டரைத் தரைக்குக் கீழே வைத்து, திரவக் கிண்ணத்தை மட்டும் எஞ்சின் அறைக்குக் கொண்டுவந்து குழாயால் இணைப்பது பெடலின் மூல வடிவத்தைச் சிதைக்காத வழி.

பழைய கார்களுக்கே உரிய இன்னொரு இடர் ரிலீஸ் பேரிங்கில் மறைந்திருக்கிறது. மைனரின் பேரிங்கில் உருளும் குண்டுகள் இல்லை. அது கிராஃபைட் கலந்த கார்பன் வளையம், பெடலை மிதிக்கும்போது மட்டும் சுழலும் பரப்பை உரசி, மற்ற நேரம் விலகி நிற்கும்படி வடிவமைக்கப்பட்டது. இப்போதைய ஸ்லேவ் சிலிண்டர்கள் பலவற்றின் உள்ளே உள்ள மெல்லிய வில் பேரிங்கை எப்போதும் இலேசாக முன்தள்ளி வைத்திருக்கும். குண்டு பேரிங்குக்கு அது நன்மை, ஏனெனில் தட்டு தேயத் தேய இடைவெளி தானே சரியாகிவிடும். கார்பன் வளையத்துக்கோ அது ஓயாத உரசல். எனவே பழைய பேரிங்கைத் தொடர்ந்து பயன்படுத்துவோர் ஃபோர்க்கைப் பின்னிழுக்கும் வெளிவில் ஒன்றையும், நீளத்தைத் திருகிச் சரிசெய்யக்கூடிய தள்ளுகோலையும் சேர்த்து, பெடலின் தொடக்கத்தில் சிறிது வெற்று அசைவை விட்டுவைக்க வேண்டும். வளைவுக்கு வளைவு பெடல் மீது காலை வைத்தபடியே ஓட்டும் பழக்கம் மலைச்சாலையில் எளிதில் தொற்றிக்கொள்வது. கார்பன் வளையத்தை அது வெகு விரைவில் தின்றுவிடும். அதேபோல், திரவ முறையில் பேரிங் தேவைக்கு மேல் பயணம் செய்து பிரஷர் பிளேட்டின் விரல்களைச் சேதப்படுத்தாதபடி பெடலுக்கு ஒரு தடுப்பு வைப்பதும் அவசியம்.

திரவ அமைப்பின் நிரந்தரப் பகை காற்று. மேலே கண்ட கணக்கில் குழாய்க்குள் ஒரு மில்லி காற்றுக் குமிழ் மாட்டியிருந்தால், 21 மடங்கு அழுத்தத்தில் அது கிட்டத்தட்ட ஒன்றுமில்லாத அளவுக்குச் சுருங்கும். மாஸ்டர் வெளியேற்றிய 6.8 மில்லியில் 0.95 மில்லி குமிழைச் சுருக்கவே செலவாகிப் பேரிங்கின் அசைவில் ஏழில் ஒரு பங்கு காணாமல் போகும். பட்டறைகளில் ஏர் எடுப்பது என்று சொல்லப்படும் வேலை இதற்காகத்தான்: ஒருவர் பெடலை மெல்ல மிதித்துப் பிடிக்க, மற்றவர் ஸ்லேவின் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துகிறார், கண்ணாடிக் குழாயின் வழியே நுரைத்த திரவம் வெளியேறுகிறது, பெடல் எழும்முன் திருகு மூடப்படுகிறது. காற்று எப்போதும் மேலேறும் என்பதால் அந்தத் திருகு சிலிண்டரின் உச்சியில் இருக்க வேண்டும். இடவசதிக்காக ஸ்லேவைத் தலைகீழாகத் திருப்பிப் பொருத்திவிட்டால் எத்தனை முறை மிதித்தாலும் ஒரு குமிழ் மேல்மூலையில் தங்கிக்கொள்ளும்.

சிலிண்டரில் ஊற்றும் பிரேக் ஆயில் கிளைக்கால் ஈதர் வகைத் திரவம். எஞ்சின் ஆயில் அதில் சிறிது கலந்தாலும் சிலிண்டரின் ரப்பர் வாஷர்கள் ஊதிப் பருத்துச் சிக்கிக்கொள்ளும். அத்திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 தரத்தில் புதிய திரவத்தின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், 3.7 விழுக்காடு நீர் கலந்த நிலையில் 155 டிகிரி இருந்தாலே தர அளவு நிறைவடைகிறது. புகைபோக்கிக் குழாயை ஒட்டிச் செல்லும் கிளட்ச் குழாயில், மெதுவான நெடிய ஏற்றத்தின் வெப்பத்தில் பழைய திரவம் ஆவியாகினால் அதன் விளைவு காற்றுக் குமிழின் விளைவேதான். இறக்கத்தில் பிரேக் சூடேறுவதும் இதே திரவத்தைப் பாதிக்கிறது. கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே கிண்ணத்திலிருந்து திரவம் எடுக்கும் ஏற்பாட்டை, கிளட்சில் ஏற்படும் கசிவு பிரேக்கையும் வறளச் செய்யும் வாய்ப்பைக் கருதி, மலையில் ஓடும் பழைய காரில் தவிர்த்துவிடுவதே தகும்.

கேபிள் என்ற மூன்றாவது வழியும் உண்டு; மாருதி 800 பல ஆண்டுகள் அதை நம்பி ஓடியது. உறைக்குள் ஓடும் கம்பி எஞ்சினின் அசைவைப் பொறுத்துக்கொள்ளும், காற்று புகும் கவலையும் இல்லை. ஆனால் கம்பி வளையும் கோணம் கூடக் கூட உராய்வு அடுக்குக்குறி விதிப்படி பெருகுகிறது: உராய்வுக் கெழு 0.1 எனில், மொத்தம் 180 டிகிரி வளைந்த கேபிளில் காலின் விசையில் ஏறத்தாழ 27 விழுக்காடு வழியிலேயே கரைந்துவிடும். திரவக் குழாய் எத்தனை முறை வளைந்தாலும் அழுத்தம் குறைவதில்லை.

உதிரிபாகங்களைப் பொறுத்தவரை தமிழ்நாடு இந்த மாற்றத்துக்கு வாய்ப்பான மண். சென்னை பாடியில் டி.வி.எஸ். நிறுவனமும் பிரிட்டனின் லூகாஸ் நிறுவனமும் 1962இல் கூட்டாகத் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியாவால் திரவ பிரேக் உறுப்புகள் உள்நாட்டிலேயே உருவாகும் மரபு வேரூன்றியது. கொல்லிமலைக்கு அருகிலோ லாரிகளுக்குப் பெயர்பெற்ற நாமக்கல் இருக்கிறது; கிளட்ச் பூஸ்டருடன் வரும் லாரிகளில் அன்றாடம் கைவைப்பவர்களுக்கு மாஸ்டரும் ஸ்லேவும் புதியவை அல்ல. மைனரின் ரிலே ஷாஃப்ட்டுக்கு அளவெடுத்து வெண்கலப் புஷ் கடைந்து தருபவரைத் தேடுவதைவிட, ஒரு வாஷர் கிட் கிடைக்கும் கடையைக் கண்டுபிடிப்பது எளிது.

எனினும் பழைய கார் என்பது ஒரு காலத்தின் பொறியியல் சிந்தனையைத் தாங்கிய ஆவணமும் ஆகும். பழைய வாகனச் சங்கங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்ற டுரின் சாசனம், அவசியமான மாற்றங்கள் மூல அமைப்பைக் குலைக்காமலும் பின்னர் நீக்கக்கூடியவையாகவும் இருக்க வேண்டும் என்ற நோக்கை முன்வைக்கிறது. கிளட்ச் மாற்றத்தில் இதைக் கடைப்பிடிப்பது கடினமன்று: ஏற்கெனவே உள்ள போல்ட் துளைகளைக் கொண்டே தாங்கிகளை வடிவமைக்கலாம், அடிச்சட்டத்தை வெட்டாமல் இருக்கலாம், கழற்றிய ரிலே ஷாஃப்ட்டையும் தண்டுகளையும் எண்ணெய் தடவிப் பாதுகாக்கலாம். பெடலின் கரத்தை அறுத்து வேறு கரத்தை ஒட்டவைக்கும் முறைகள் விரைவானவை. திரும்பப் பெற முடியாத இழப்பை உண்டாக்குபவையும் அவையே.

இரு அமைப்புகளும் பழுதாகும் விதம் வேறுவேறு. தண்டுகள் ஆண்டுக்கணக்கில் எச்சரித்துக்கொண்டே தேயும். ஊசி முறிந்தால் ஒரு கம்பித் துண்டையோ போல்ட்டையோ செருகி வீடு சேரலாம். திரவ அமைப்பில் ஒரு ரப்பர் வாஷர் கிழிந்தால், முந்தைய வளைவுவரை நன்றாக இருந்த பெடல் அடுத்த வளைவில் தரையோடு கிடக்கலாம். கசிவு சிறிதாக இருந்தால் பெடலை அடுத்தடுத்து வேகமாக மிதித்துச் சில அசைவுகளைப் பெறலாம். முழுதாக இழந்துவிட்டால், எஞ்சினை அணைத்து முதல் கியரைப் போட்டு, பேட்டரி நல்ல நிலையில் இருக்கும் பட்சத்தில் ஸ்டார்ட்டரைக் கொண்டே வண்டியை நகர்த்தி, அடுத்த அகன்ற திருப்பம்வரை கியரை மாற்றாமல் செல்ல முடியும். இதை முன்கூட்டியே அறிந்தவர்கள் மலையேறும் முன் ஸ்லேவின் தூசுறையை விலக்கி உள்ளே ஈரம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறார்கள், ஒரு செட் வாஷரையும் அரை லிட்டர் திரவத்தையும் டிக்கியில் வைத்துக்கொள்கிறார்கள்.